இலையின் வயதும் கோப்பையின் குணமும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. தொலைவில் ஒரே பச்சையாகத் தோன்றும் தேயிலைச் செடியை அருகில் நின்று பார்த்தால், அதில் பல பச்சைகள் இருப்பதைக் காண்கிறோம். நுனியில் வெளிர்ந்த மொட்டு. அதனை அடுத்து மென்மையான கொழுந்து. அடியில் தடித்துக் கரும்பச்சையாகிவிட்ட முற்றல் இலை. செடியும் மண்ணும் மழையும் ஒன்றே. ஆயினும் இவற்றைத் தனித்தனியே பறித்துக் கொதிநீரில் இட்டால், கிடைப்பவை வெவ்வேறு குணங்களைக் கொண்ட பானங்கள்.

தோட்டங்களில் ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’ என்று பறிக்கும் வழக்கம் சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று. இளந்தளிர் பூச்சிகளுக்கு எளிய இரை. ஆகவே செடி தன் காவற்பொருள்களை அங்கேயே மிகுதியாகச் சேர்த்து வைக்கிறது. கசப்பைத் தரும் காஃபீனும், துவர்ப்பைத் தரும் கேட்டச்சின் முதலிய பாலிஃபீனால்களும் அத்தகையவை. தேநீர் உடலுக்கு நல்லது என்னும் பேச்சில் பெரிதும் இடம்பெறுவன இந்தக் கேட்டச்சின்களே. உலர்ந்த கொழுந்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பாலிஃபீனால்களாக இருக்கக்கூடும். இலை முதிர முதிர இவை குறைந்து, நார்ப்பொருள் கூடுகிறது. ஒரு வாரம், பத்து நாள் இடைவெளியில் மீண்டும் மீண்டும் பறிப்பதன் காரணமும் இதுவே. சுற்று தவறினால் கொழுந்து முற்றிவிடும். உழைத்தவருக்குரிய விலையும் குறையும்.

முதிர்ந்த இலையில் குறைவன மட்டுமல்ல, கூடுவனவும் உண்டு. தேயிலைச் செடி மண்ணிலுள்ள ஃபுளோரைடை வேரால் உறிஞ்சி இலைகளில் சேர்த்துக்கொள்ளும் இயல்புடையது. இலைக்கு வந்த ஃபுளோரைடு அங்கேயே தங்கிவிடுவதால், செடியில் நெடுநாள் இருந்த இலையில் அது மிகுந்து காணப்படுகிறது. முற்றல் இலைகளை அழுத்திச் செய்யும் கட்டித் தேயிலையை நாள்தோறும் கொதிக்கவைத்து அருந்தும் திபெத்தியப் பகுதிகளில், பல்லையும் எலும்பையும் தாக்கும் ஃபுளோரோசிஸ் நோய் பரவலாகக் காணப்பட்டமைக்கு இதுவே முக்கியக் காரணம்.

இச்செய்தி நமக்கும் தொலைவானதன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவானது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. அளவாகத் தேநீர் அருந்துவோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஃபுளோரைடு மிகுந்த நீரில், முற்றல் இலையால் ஆன தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டுப் பலமுறை பருகும் குடும்பங்கள் கவனம் கொள்ளல் வேண்டும். கொதிக்கவைப்பதால் ஃபுளோரைடு நீங்குவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

எனினும் இளமையே சிறப்பு என்று முடிவு கட்டிவிடவும் இயலாது. ஜப்பானில் ‘பஞ்சா’ என்னும் தேநீரை முதிர்ந்த இலைகளிலிருந்தே செய்கின்றனர். காஃபீன் குறைவு என்பதால் மாலைவேளைக்கும் முதியோருக்கும் அது ஏற்றதாகக் கருதப்படுகிறது.

தேயிலை கலவாத மூலிகைப் பானங்களிலும் பருவமே பேசுகிறது. துளசியின் மணத்தைத் தாங்குவன இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள். இளம் இலையில் அவை நெருங்கி நிற்கும். இலை விரியும்போது ஒன்றுக்கொன்று விலகிவிடும். எலுமிச்சைப்புல்லிலும் வேகமாக வளரும் இளம் தாளிலேயே எண்ணெய் மிகுதியாக உருவாகிறது. கேரளத்தின் ஓடக்காலியில் 1951ஆம் ஆண்டிலேயே இப்புல்லுக்கென ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது, அதன் மதிப்பை உணர்த்தும். நிலவேம்போ இவற்றினின்று வேறுபட்டது. அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு, செடி பூக்கத் தொடங்கும் பருவத்தில்தான் நிறைந்திருக்கும். அதனை இளஞ்செடியாகவே பிடுங்கினால் பயன் குறையும்.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கவை எளியனவே. தேயிலை வாங்கும்போது காம்பும் நாரும் மிகுந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். அவை முற்றல் இலை கலந்திருப்பதற்கான அறிகுறி. ‘டஸ்ட்’ என்பது துகளின் அளவைக் குறிக்கும் வணிகச் சொல்லே அன்றி, இலையின் வயதைக் குறிப்பதன்று. கொழுந்துத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். எனவே இரத்தசோகை உடையோர் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி விடுதல் நன்று. தொட்டியில் துளசி வளர்ப்போர் நுனியைக் கிள்ளிப் பயன்படுத்தினால், செடி பக்கக் கிளை விட்டு மீண்டும் தளிர்க்கும்.

மூலிகை என்னும் பெயர் மட்டுமே ஒரு பானத்தை நலம் தருவதாக ஆக்கிவிடாது. எந்தச் செடி என்று கேட்கும் நாம், எந்தப் பருவத்து இலை என்றும் கேட்டுப் பழகுவோம். பொன்முடிச் சரிவில் கொழுந்து கிள்ளும் விரல்கள் அக்கேள்விக்கு ஒவ்வொரு செடியிலும் விடை கண்டுகொண்டே செல்கின்றன.