உங்கள் விவரம் எந்தக் கதவால் வெளியே போகிறது?

மட்டக்களப்பிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டிக் கல்முனை வீதியில் போனால், காத்தான்குடிக்கு முன்னால் வருவது நாவற்குடா. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இங்கே ஒருவர் வங்கிக் கணக்குத் திறந்தாலும் சரி, குழுக்கடனுக்கு விண்ணப்பித்தாலும் சரி, முதலில் கொடுப்பது தேசிய அடையாள அட்டையின் போட்டோகொப்பி. அந்த ஒரு தாளே நிறையச் சொல்லிவிடும். பழைய அட்டையொன்றின் இலக்கம் 85620 என்று தொடங்குகிறது என்று வையுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, 1985. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 620இல் 500ஐக் கழித்தால் 120. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவது இதில் வழக்கம். ஆக, ஏப்ரல் 29ஆம் திகதி பிறந்த ஒரு பெண். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாக இருக்கும். பிறந்த நாளையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர், அதையும் அந்தக் கொப்பியோடு கொடுத்துவிட்டே வருகிறார்.

வங்கி இவற்றைக் கேட்பது சட்டத்தின் கட்டளையால். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டம், வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யவும் அந்தப் பதிவுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்கவும் சொல்கிறது. கேட்பதற்கு உரிமை இருக்கிறது. கேட்டு வாங்கியதைக் காப்பது எப்படி என்பதுதான் நாம் அறியவேண்டியது.

இயந்திரத்தின் பக்கம் காவல் மிக உறுதியானது. பணம் எடுக்கும் இயந்திரத்தில் நீங்கள் அழுத்தும் நான்கு இலக்க இரகசிய எண், அந்த விசைப்பலகைக்கு உள்ளேயே மறைகுறியாக மாறிவிடுகிறது. கம்பி வழியே போவது அந்த மறைகுறி மட்டுமே. வங்கியின் தரவு மையத்தில் இதற்கென்றே தனியாக ஒரு பெட்டி உண்டு. மறைகுறியைத் திறக்கும் சாவி அதற்குள் மட்டும் இருக்கும். எண் சரியா, பிழையா என்ற பதில்தான் அதிலிருந்து வெளியே வரும். யாராவது அந்தப் பெட்டியை உடைத்துத் திறக்கப் பார்த்தால் சாவிகள் தாமாகவே அழிந்துவிடும். ஆகவே முகாமையாளர் நினைத்தாலும் உங்கள் எண்ணைத் திரையில் பார்க்க முடியாது. மறந்துபோனால் புதிதாகத்தான் வாங்கவேண்டும். இணைய வங்கியின் கடவுச்சொல்லும் எழுதியபடி வைக்கப்படுவதில்லை. திரும்பிக் கண்டுபிடிக்க முடியாத ஒரு கணக்கீட்டால் அதை உருமாற்றி, உருமாறியதை மட்டும் வைப்பது ஒழுங்கான வங்கியின் முறை. அட்டையில் உள்ள சிறு சில்லும், ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் புதுக் குறி ஒன்றை உருவாக்குகிறது. நேற்றைய குறியைத் திருடியவருக்கு இன்று அதனால் பயன் இல்லை.

ஆனால் வாடிக்கையாளரின் கடன், நிலுவை, விலாசம் இவற்றை மனிதர்கள் பார்க்கத்தான் வேண்டும். பார்க்காமல் வேலை நடக்காது. இங்கே காவல் நிற்பது சட்டத்தாலும் மனச்சாட்சியாலும்.

பழைய கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட 1924ஐ ஒட்டிய காலத்தில், இங்கிலாந்தில் டூர்னியே என்பவரின் வழக்கு ஒன்று மேன்முறையீட்டுக்கு வந்தது. அவர் வங்கிக்குக் கொடுக்கவேண்டியிருந்தது ஒன்பது பவுணும் சில்லறையும். தவணை தவறியது. வங்கிக் கிளை முகாமையாளர் அவருடைய விலாசம் கேட்டு அவர் வேலைபார்த்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பேச்சோடு பேச்சாக, அவருடைய கடனையும் அவர் பந்தயக்காரர்களுக்குப் பணம் கொடுப்பதையும் சொல்லிவிட்டார். டூர்னியேயின் வேலை போயிற்று. வாடிக்கையாளரின் விடயத்தை வெளியே சொல்லாமல் இருப்பது வங்கியின் கடமை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுமக்கள் நலன் வேண்டினால், வங்கி தன் நலனைக் காக்க வேண்டியிருந்தால், வாடிக்கையாளரே சம்மதித்தால், இந்த நான்கு இடங்களில் மட்டும் விலக்கு. வங்கித் தொழிலில் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றும்படி சிவில் சட்டக் கட்டளைச் சட்டமே சொன்னதால், இந்தத் தீர்ப்பின் நெறி இலங்கைக்கும் உரியது. அதற்கு மேல், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 77ஆம் பிரிவு, வங்கியின் பணிப்பாளர்களையும் ஊழியர்களையும் இரகசியம் காப்பதாகக் கையொப்பமிட வைக்கிறது.

இப்போது நம் பக்கத்துக் கிராமங்களைப் பாருங்கள். போருக்கும் 2004 கடல்கோளுக்கும் பிறகு மட்டக்களப்பில் நுண்கடன் வீடுவீடாக நுழைந்தது. எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒருவருக்கு மற்றவர் பிணை நிற்கும் குழுக்கடனில், யாருக்கு எவ்வளவு நிலுவை என்பது கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும். அது அந்த முறையோடு வருவது, சேரும்போதே தெரிந்திருக்கவேண்டும். ஆனால் தவணை தவறிய பெண்ணின் படலையில் நின்று, அயலவர் கேட்கும்படி அவளுடைய கடனைச் சத்தமாகச் சொல்வதும், அவள் பிள்ளையிடம் சொல்வதும், கணவன் வேலைசெய்யும் இடத்துக்கு அழைத்துச் சொல்வதும், டூர்னியேயின் விடயத்தில் அந்த முகாமையாளர் செய்த அதே பிழைதான். கடன் திருப்பிக் கேட்கப்படவேண்டியது, சந்தேகமில்லை. அவளிடம்தான் கேட்கவேண்டும். மனிதரின் மானத்தைக் கடன் அறவிடும் கருவியாக்குவதை நான் எந்த விதத்திலும் ஏற்கமாட்டேன்.

'கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது' என்று பலர் அஞ்சுகிறார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான கொடுகடன் தகவல் பணியகம் அது. அங்கே இருப்பது கறுப்புப் பட்டியல் இல்லை. ஒழுங்காகக் கட்டிய கடனும் அதில் பதிவாகும். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது கடன் கொடுக்கும் நிறுவனம். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே பெற்றுப் பார்க்கலாம், பிழையிருந்தால் திருத்தக் கேட்கலாம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் இன்னும் விரிவாக்குகிறது. எதற்காக வாங்கினார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்தவேண்டும், தேவைக்கு மேல் வாங்கக்கூடாது, உரியவர் கேட்டால் காட்டவேண்டும், பிழையைத் திருத்தவேண்டும். மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம். முக்கியமான பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தன. அவை தள்ளிப்போடப்பட்டது வருந்தத்தக்கது. நகரத்து நிறுவனத்துக்கு ஆயத்தமாக நாள் தேவை என்றால், நாவற்குடாவில் கடன் எடுத்தவளுக்கு இன்றே பாதுகாப்புத் தேவை.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கும்போது, எந்த நிறுவனத்துக்கு, எதற்காக, எந்தத் திகதியில் என்று அதன்மேல் குறுக்காக எழுதிக் கையொப்பமிடுங்கள். கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னாலும் யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கி அதைக் கேட்பதில்லை. உங்கள் விவரத்தை ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ வெளியே விட்டால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.