தாத்தா போன சைகோன்... நாம சுத்தலாமா ஒரு நாள்?

காரைக்கால் பக்கத்துப் பழைய குடும்பங்களில் 'வியட்நாம்'னு சொல்ல மாட்டாங்க. 'சைகோன்'தான். 1954 வரை காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1859-ல் சைகோனைப் பிடித்ததும் அவங்கதான். அங்கே கணக்கு எழுத, வரி வசூலிக்க, காவல் காக்க இங்கிருந்து ஆட்கள் கப்பல் ஏறினாங்க. இன்றைக்கு அந்த ஊருக்குப் பெயர் ஹோ சி மின் நகரம். நெடுங்காட்டிலிருந்து டூர் போட நினைத்தால், பீச் படம் எடுக்கிறதைவிட இந்த ரூட் நல்லா இருக்கும்.

காலையில் நுண்கலை அருங்காட்சியகம். ஒரு சீன வியாபாரிக் குடும்பத்தின் மஞ்சள் மாளிகை அது. லாக்கர் ஓவியங்களை அவசரமா கடந்துடாதீங்க. மரப்பாலைப் பூசி, காயவைத்து, தேய்த்து, திரும்பப் பூசி... நடுவே முட்டை ஓடு, தங்கத் தகடு எல்லாம் பதிப்பாங்க. நுயென் ஜா ட்ரி வரைந்த பெரிய வசந்தத் தோட்ட ஓவியத்துக்கு ஏறத்தாழ 20 வருஷம் ஆனது. 2013-ல் தேசியப் பொக்கிஷமா அறிவிச்சாங்க.

பசிக்குதா? 'கம் தம்' கேளுங்க. நொய்யரிசிச் சோறு! நம்ம வீட்டில் கஞ்சிக்கோ கோழிக்கோ போகும் நொய், அங்கே சுட்ட பன்றிக்கறியோடு ஊரின் அடையாளமே ஆகிடுச்சு. அதுவும் மீகாங் டெல்டாவை ஒட்டிய ஊர்தானே, காவிரிக் கடைமடைக்காரங்களுக்கு நாக்கு சீக்கிரம் பழகிடும். 'பான் சேயோ' இன்னும் நெருக்கம்: அரிசி மாவு, மஞ்சள், தேங்காய்ப்பால் சேர்த்த தோசை. கல்லில் மாவு ஊத்தும்போது வரும் 'சொய்ங்' சத்தம்தான் அந்த 'சேயோ'. தேங்காய்ப்பால் கோழிக் குழம்புக்குப் பெயர் 'கா ரி'. நம்ம கறியேதான், பிரெஞ்சு ரொட்டியில் தொட்டுச் சாப்பிடுறாங்க. சைவமா? 'சாய்' என்று போர்டு போட்ட கடையைத் தேடுங்க. நம்ம டீக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!

மதியம் பென் தான் மார்க்கெட். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில். கோபுரத்தைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வரும். ஆனா உள்ளே ஊதுபத்தியோடு நிற்பவங்க பெரும்பாலும் வியட்நாமியர்கள். கருவறைச் சுவரில் நெற்றியை ஒட்டி, மெதுவா வேண்டுதல் சொல்றாங்க. 1975-க்குப் பிறகு இந்தியர்களில் பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க. அம்மன் போகலை. கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க, செல்ஃபி பிறகு.

டோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் கட்டிய பள்ளிவாசல் இருக்கு. நகரத்தாரின் தண்டாயுதபாணி கோயிலும் பக்கம்தான்.

இருட்டினதும் நுயென் ஹுவே நடைபாதைத் தெரு. 42-ஆம் எண் பழைய அடுக்குமாடி முழுக்க குட்டிக் குட்டி கஃபேக்கள். பால்கனி சீட் பிடிச்சு, கண்டென்ஸ்டு மில்க் ஊத்திய ஐஸ் காபியோடு தெருவைப் பார்க்கலாம். அதுக்கப்புறம் புய் வியன் தெரு: பிளாஸ்டிக் ஸ்டூல், பீர், காது கிழியும் பாட்டு. சரக்கு விலையைச் சொல்லி காரைக்கால்காரங்களை அசத்த முடியாதுதான், கூட்டத்தை வேடிக்கை பார்க்கவே போகலாம். போனை மட்டும் ரோட்டோரம் நீட்டிப் பிடிக்காதீங்க, பைக்கில் வந்து பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. ரோடு கடக்கும்போது ஓடவும் வேண்டாம், பின்வாங்கவும் வேண்டாம். ஒரே வேகத்தில் மெதுவா நடங்க, ஸ்கூட்டர்கள் வளைஞ்சு போகும்.

கிளம்பும் முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேளுங்க, தாத்தா எந்தத் தெருவில் இருந்தார்னு. பதிலைப் பழைய பெயரில்தான் சொல்வாங்க. பழைய மேப் ஒண்ணை டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க.