நீராட்டு விழாவில் ஜனநெருக்கம்

வடநாட்டார் மௌனி அமாவாசை என வழங்கும் நாளே நம்மவர்க்குத் தை அமாவாசையாகும். அன்று பிரயாகையில் கங்கையும் யமுனையும் கூடுமிடத்தில் நீராடுதல் பெரும் புண்ணியமெனக் கருதப்படுகிறது. குரு ரிஷப ராசியிலும் சூரியன் மகர ராசியிலும் நிற்கும் கும்பமேளா ஆண்டில் அங்குக் கூடும் ஜனத்திரள் மிகப் பெரிது. (குரு ராசிச் சக்கரத்தை ஒரு முறை சுற்றிவர 11.86 ஆண்டுகளே ஆவதால், இவ்விழா சிற்சில வேளைகளில் பதினோராம் ஆண்டிலேயே வந்துவிடுவதுண்டு. ஹரித்துவாரத்தில் 2010-க்குப் பின் 2021-ல் நடைபெற்றது இதனாலேயே.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாத்திரிகர் அஞ்சியது காலராவையே. 1867-ஆம் ஆண்டு ஹரித்துவார விழாவிலிருந்து திரும்பியோர் வழியெங்கும் அந்நோயைப் பரப்பினர். 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் அதன் கிருமியை ஆராய்ந்து நிலைநாட்டினார். குளோரின் கலந்த குடிநீராலும் கழிப்பிட வசதியாலும் அவ்வபாயம் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. எஞ்சியிருப்பது நெரிசல். 1954 பிப்ரவரி 3-ந் தேதி பிரயாகையில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2013 பிப்ரவரி 10-ந் தேதி அந்நகர ரயில் நிலையத்தில் 36 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 29-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் சங்கமத்துக்கருகே நேர்ந்த நெரிசலில் 30 பேர் மாண்டதாக அன்றே அறிவிக்கப்பட்டது. இம்மூன்றும் மௌனி அமாவாசை நாட்களே.

இத்தகைய விபத்துகளுக்கு மக்களின் பீதியே காரணமெனக் கூறுவது வழக்கம். இது பெரும்பாலும் பொருந்தாது. ஒரு சதுர மீட்டரில் இருவர் மூவர் நிற்கையில் ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நடக்கலாம். ஐவருக்கு மேற்படின் உடலோடு உடல் உராயும். ஏழுவரை எட்டுமாயின் திரள் திரவம்போல் ஆகிவிடுகிறது. ஓரிடத்தில் தோன்றிய அசைவு அலையாய்ப் பரவிப் பலரையும் பல அடி தூரம் தூக்கிச் செல்லும். அப்போது தனி மனிதரின் பலம் பயன்படாது. மார்பு விரிய இடமின்மையால் மூச்சடைத்தே பலர் இறக்கின்றனர், சிலர் நின்ற நிலையிலேயே. பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. எனவே அவர் தள்ளுவதைத் தீய எண்ணமெனக் கொள்ளலாகாது.

பாதையின் கொள்ளளவையும் சற்றுக் கணக்கிடுவோம். சமதளப் பாதையில் ஒரு மீட்டர் அகலத்தின் வழியே நிமிடத்துக்குச் செல்லக்கூடியவர் ஏறக்குறைய 80 பேர். பத்து மீட்டர் அகலப் பாதையில் மணிக்கு 48,000 பேர். பத்து லட்சம் பேர் ஒரே பாதையில் செல்ல 21 மணி நேரம் வேண்டும்! எதிரே வருவோரும் அதே வழியைப் பற்றினால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். அமாவாசைத் திதியோ ஏறத்தாழ 20 முதல் 27 மணி நேரம் வரை நீடிப்பது. எல்லோரும் விடியற்காலையில், சங்கமத்தின் அதே முனையில்தான் இறங்க வேண்டுமென முனைவதே இடரின் வேர். சற்றுத் தள்ளியுள்ள துறையில் நீராடுவோருக்கும் கிடைப்பது அதே ஆற்று நீரும் அதே திதியுமே என்பதைக் கிராம ஊழியர்கள் புறப்படும் முன்னரே யாத்திரிகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு மீட்டர் சதுரம் வரைந்து, அதனுள் பெரியவர்களை ஒவ்வொருவராக நிற்கச் செய்து காட்டலாம். நால்வர் நிற்கும்போதே பாடம் விளங்கிவிடும், ஐவருடன் நிறுத்திவிடுக. சிறுவர்களைக் கொண்டு இதனைச் செய்தல் கூடாது.

நெருக்கத்தில் அகப்பட்டவர் இரு கைகளையும் மடித்து மார்புக்கு முன்னே நிறுத்திக்கொண்டால் மூச்சுவிடச் சிறிது இடம் கிடைக்கும். கீழே விழுந்த செருப்பையோ மூட்டையையோ எடுக்கக் குனியலாகாது. திரளை எதிர்த்து முட்டாமல், அது சற்று நிற்கும் வேளைகளில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகர வேண்டும். சுவர், தடுப்பு, பாலம் ஆகியவற்றை அடுத்து நிற்பது ஆபத்து. தோள்கள் இருபுறமும் பிறர்மீது படத் தொடங்கும்போதே விலகிச் செல்பவருக்கு வழியுண்டு. கையை உயர்த்த முடியாத நிலை வந்தபின் வழி அரிது. முதியோரும் குழந்தைகளும் உடன்வரின் முக்கிய நீராட்டு நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்போ பின்போ சென்று வருதல் நலம். குழந்தைகளின் சட்டைப்பையில் ஊரும் உறவினர் பெயரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.