புல்லுக்குள்ள யார் குடியிருக்கா?



இந்த வார எபிசோட்ல நம்ம குடலுக்குள்ள வாழுற பாக்டீரியா பத்திப் பேசினோம். நேரம் பத்தாம விட்ட ஒரு விஷயத்தை இங்க எழுதிடறேன். செடிகளுக்கும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. இலைக்குள்ளேயே, செல்களுக்கு நடுவுல குடியிருக்கும். பேரு எண்டோஃபைட். சிலது செடி வளர உதவுற ஹார்மோன் தயாரிக்கும், சிலது நோய்க்கிருமியைத் தடுக்கும், சிலது சும்மா தங்கியிருக்கும்.

எனக்கு வந்த கேள்வி இதுதான்: புல்வெளிக்கு உரம் போட்டா, அடிக்கடி வெட்டினா, உள்ளே இருக்கிற கூட்டத்துக்கு என்ன ஆகும்?

ஜெர்மனியோட கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. சோலிங் மலைப்பகுதியில 2008-ல தொடங்கின ஒரு சோதனைப் புல்வெளி. சில பாத்திகளுக்கு உரமே கிடையாது. மத்ததுக்கு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 180 கிலோ நைட்ரஜன், கூடவே பாஸ்பரஸும் பொட்டாசியமும். சிலதை வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டினாங்க, சிலதை மூணு தடவை. காக்ஸ்ஃபுட், ரெட் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ்னு மூணு புல் வகையை எடுத்துக்கிட்டாங்க. ரைகிராஸை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. விம்பிள்டன் ஆடுகளம் 2001-லேர்ந்து முழுக்க அதுதான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இங்கதான் நம்ம ஏரியா வருது. முதல்ல இலையோட வெளிப்பக்கத்தைக் கிருமிநாசினியில சுத்தம் பண்ணணும். இல்லேன்னா மேல ஒட்டியிருக்கிறதும் கணக்குல வந்துடும். அப்புறம் இலையை அரைச்சு, டிஎன்ஏ எடுத்து, 16எஸ்-ங்கிற ஜீனைப் படிக்கணும். சுமார் 1,500 எழுத்து நீளம். எல்லா பாக்டீரியாவுலயும் இருக்கும், ஆனா வகைக்கு வகை கொஞ்சம் மாறும். பார்கோடு மாதிரி.

ஒரு சிக்கல் இருக்கு. இலையைப் பச்சையாக்குற குளோரோபிளாஸ்டே ஆதிகாலத்துல ஒரு பாக்டீரியாவா இருந்ததுதான். அதுகிட்டயும் இதே பார்கோடு இருக்கு. கவனமா இல்லேன்னா, தேடினது பாக்டீரியா, கிடைச்சது புல்லுனு ஆயிடும்!

என்ன தெரிஞ்சது?

முடிவு 2017-ல 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழ்ல வந்துச்சு. உரமும் வெட்டும் உள்ளே இருக்கிற கூட்டத்தை மாத்துது. ஆனா புல்லுக்குப் புல் அந்த மாற்றம் வேற. பக்கத்துப் பக்கத்துல வளர்ந்து, ஒரே உரம் வாங்கினாலும் அப்படித்தான்.

அடுத்து, அந்த பார்கோடை வச்சு யார்கிட்ட என்னென்ன ஜீன் இருக்கும்னு சாஃப்ட்வேர்ல கணிச்சாங்க. வளர்ச்சிக்கு உதவுற ஜீன், நைட்ரஜனைக் கையாளுற ஜீன் எல்லாமே புல்லுக்கும் பராமரிப்புக்கும் ஏத்த மாதிரி மாறுச்சு. சுவாரஸ்யம் என்னன்னா, கூட்டத்துல யார் யார் இருக்காங்கங்கிறதுக்கும், அவங்களால என்ன முடியுங்கிறதுக்கும் பொருத்தமே தெரியல. புல்லு ஆளோட குலம் கோத்திரம் பார்க்கிறதில்ல, என்ன வேலை தெரியும்னுதான் பார்த்துச் சேர்க்குது போலன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஆனா ஒண்ணு, இந்த 'வேலை'ங்கிறது கணிப்புதான், நேரடியா அளந்தது இல்ல.

இது ஏன் முக்கியம்?

ரசாயன உரத்தைக் குறைக்க, பயிருக்கு உதவுற பாக்டீரியாவை பாட்டில்ல அடைச்சு விற்கிறாங்க. நல்ல யோசனைதான். ஆனா மூணு புல்லே மூணு விதமா நடந்துக்குதுன்னா, எல்லாப் பயிருக்கும் ஒரே பாட்டில் போதும்னு சொல்றதை நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன். எந்தப் பயிர், எவ்வளவு உரம், எத்தனை தடவை வெட்டுன்னு முதல்ல கேட்கணும். காசு போடுறது விவசாயி ஆச்சே.

உங்க வீட்டுப் புல்வெளியை வருஷத்துக்கு எத்தனை தடவை வெட்டுறீங்க? ரிப்ளை பண்ணுங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.