‘பாந்தியன்’: சொற்பிறப்பும் பொருள் வளர்ச்சியும்

முன்னுரை

மேலைச் சமய வரலாற்று நூல்களில் பயின்றுவரும் ‘பாந்தியன்’ என்னும் சொல், ‘எல்லாத் தெய்வங்களும்’ என்னும் அடிப்படைப் பொருளுடையது. எனினும் வழக்கில் அது கோயில், கேளிக்கை மண்டபம், நினைவிடம், தெய்வத் தொகுதி எனப் பலவற்றைச் சுட்டுகிறது. இப்பொருள் வளர்ச்சியை விளக்கி, தமிழாய்வில் அச்சொல்லைக் கையாளும் முறையைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்பிறப்பு

கிரேக்கத்தில் ‘பான்’ என்பது ‘எல்லாம்’ என்றும், ‘தெயோஸ்’ என்பது ‘கடவுள்’ என்றும் பொருள்படும். இவற்றின் சேர்க்கையாகிய சொல், எல்லாத் தெய்வங்களுக்கும் உரிய கோயிலைக் குறித்தது. இலத்தீன் வழியாக அது பிற ஐரோப்பிய மொழிகளில் பரவியது.

உரோமைக் கோயில்

அகுசுதசு காலத்தில் அக்ரிப்பா உரோமையில் எழுப்பிய பாந்தியன் கி.பி. 80இல் தீக்கிரையானது. இன்றுள்ள கட்டடம் ஏத்திரியன் ஆட்சியில் (117–138) நிறைவுற்றது. ஆயினும் அதன் முகப்பில் அக்ரிப்பாவின் பெயரே பொறிக்கப்பட்டது.

இப்பெயருக்குக் காசியசு தியோ என்னும் வரலாற்றாசிரியர் இரு காரணங்கள் கூறுகிறார். மார்சு, வீனசு உள்ளிட்ட பல தெய்வங்களின் படிமங்கள் அங்கு இருந்தமை ஒன்று. அதன் குவிமாடம் வானத்தை ஒத்திருந்தமை மற்றொன்று. பின்னதையே அவர் தம் கருத்தாகக் கொள்கிறார். ஆனால் அவர் கண்டது பிற்காலக் கட்டடமாதலின், முதலில் பெயரிட்டோரின் கருத்துக்கு அவ்விளக்கம் நேர்ச்சான்றாகாது. எனினும், சொற்பிறப்பு வெளிப்படையாக இருந்தும், பெயர்க் காரணம் பண்டே ஐயத்திற்கு உரியதாயிருந்தமை இதனால் பெறப்படும்.

பொருள் வளர்ச்சி

609இல் திருத்தந்தை நான்காம் போனிபாசு அக்கோயிலை மரியாளுக்கும் மறைச்சாட்சியருக்கும் உரிய தேவாலயமாக்கினார். 1520இல் ஓவியர் ரபேல் அங்கு அடக்கம் செய்யப்பட்டார். 1791இல் பாரிசின் புதிய தேவாலயம் ஒன்று நாட்டின் பெருமக்களுக்குரிய நினைவிடமாக மாற்றப்பட்டுப் பாந்தியன் எனப் பெயர் பெற்றது. இவ்வாறு தெய்வங்களுக்குரிய சொல் மாந்தர்க்கும் உரியதாயிற்று.

இலண்டனில் 1772இல் திறக்கப்பட்ட கேளிக்கை மண்டபமும் இப்பெயர் தாங்கியது. சென்னை எழும்பூரில் ஆங்கிலேயர் விருந்துக்கும் நடனத்துக்கும் கூடிய மண்டபமும் ‘பாந்தியன்’ எனப்பட்டது. அவ்வளாகத்தில் இன்று அரசு அருங்காட்சியகம் உள்ளது. பாந்தியன் சாலை அம்மண்டபத்தால் பெற்ற பெயரேயன்றிப் பாண்டியரோடு தொடர்புடையதன்று.

தமிழாய்வில் பயன்பாடு

ஒரு மக்கள் வழிபடும் தெய்வங்களின் முழுத் தொகுதியைக் குறிக்கும் பொருளே ஆய்வுலகில் பெரிதும் வழங்குகிறது. ஒலிம்பியத் தெய்வங்களை முன்மாதிரியாகக் கொள்ளுங்கால், தலைமைத் தெய்வம், உறவுமுறை, வரையறுத்த எண்ணிக்கை ஆகியவையும் அதனுடன் எதிர்பார்க்கப்படுகின்றன. தொல்காப்பிய அகத்திணையியல் மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரை நிலத்தோடு இயைத்துக் கூறுகிறது. அவர்களிடையே உறவுமுறையோ தலைமையோ கூறவில்லை. கொற்றவை புறத்திணையியலில் இடம்பெறுகிறாள். எனவே அந்நால்வரை மட்டும் கொண்டு பண்டைத் தமிழரின் ‘பாந்தியன்’ என வரையறுப்பது பொருந்தாது.

முடிவுரை

இச்சொல்லை இடமறிந்து பெயர்த்தல் வேண்டும். உரோமைக் கட்டடத்தைக் குறிக்குமிடத்துப் ‘பாந்தியன்’ என்றும், பாரிசு வழக்கிற்குப் ‘பெருமக்கள் நினைவிடம்’ என்றும், சமயவியல் பொருளுக்குத் ‘தெய்வத் தொகுதி’ என்றும் ஆளலாம். தெய்வத் தொகுதி என்னுமிடத்து அதன் எல்லையும் உள்ளமைப்பும் சான்றுகளால் நிறுவப்பட வேண்டியவை; அவற்றைச் சொல்லே தந்துவிடுவதில்லை.