மெல்லிய கம்பிகள் பாரம் தாங்குவது எப்படி?

சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன்தான். நெடுக்கில் அழுத்தினால் வளைந்துவிடும். இழுத்தால் நன்றாகத் தாங்கும். அதனால்தான் கம்பி முனையில் உள்ள நிப்பிள் என்ற சிறு நட்டைத் திருகி, எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே விறைப்பாக்கி வைக்கிறார்கள். ஆள் ஏறி அமர்ந்ததும் தரைப்பக்கம் உள்ள சில கம்பிகளின் விறைப்பு குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் அழுத்தத்தைத் தாங்குவதற்கு இது நேர் எதிர்.

கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்வதும் காரணத்தோடுதான். மிதிக்கும்போது பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் முறுக்குவிசை வெளிவளையமான ரிம்மைச் சென்றடைய அந்தச் சாய்வு வேண்டும். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

கம்பி தளர்ந்தால் ரிம் கோணும். கோட்டம் எடுக்கும்போது, ரிம் விலகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கம்பியைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருகினால் கோட்டம் வேறிடத்துக்குப் போகும்.

இனி ஹப்பின் உள்ளே பார்ப்போம். சக்கரம் சுழன்றாலும் அச்சு சுழல்வதில்லை. ஹப்பின் கிண்ணத்துக்கும் அச்சில் திருகிய கோனுக்கும் இடையே பால்ரஸ் குண்டுகள் உருள்கின்றன. கோனை அதிகம் இறுக்கினால் குண்டுகள் அரைபடும். தளர்த்தினால் சக்கரம் ஆடும். கையால் சுழற்றினால் கரகரப்பு இல்லாமலும், பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இல்லாமலும் இருப்பதே சரியான நிலை. பிறகு கோனை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். மழைநீர் புகுந்த ஹப்பைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைப்பது நல்லது. பள்ளம் விழுந்த கோனை கிரீஸ் காப்பாற்றாது. மாற்றியே ஆக வேண்டும்.