சவ்வாது மலையில் உள்ளாட்சித் தேர்தலும் காடு பாதுகாப்பும்

சவ்வாது மலை (ஜவ்வாது மலை) என்பது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி பழங்குடியினர் ஆவர். சாமைப் பயிர், தேன், புளி முதலியவை இவர்களின் வாழ்வாதாரங்கள். செய்யாறு இம்மலையில் தோன்றிப் பாலாற்றில் கலக்கிறது. ஆகவே இங்குள்ள காடு அழிந்தால் சமவெளி உழவர்களும் பாதிக்கப்படுவர். இக்காட்டைக் காக்கும் அதிகாரத்தில் உள்ளாட்சித் தேர்தலில் இடப்படும் வாக்குக்குச் சட்டப்படியான பங்கு உண்டு.

சட்ட அடிப்படை

வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டு, 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓர் ஊர் மரபாகக் காத்துவரும் காட்டைப் பேணவும் மேலாண்மை செய்யவும் அவ்வூருக்கு உள்ள உரிமையை இச்சட்டம் ஏற்கிறது. உரிமைக் கோரிக்கை மூன்று படிகளைக் கடக்க வேண்டும்:

1. கிராம சபை: ஊரின் வயதுவந்தோர் அனைவரும் இதன் உறுப்பினர்கள். இதுவே கோரிக்கையைப் பெற்று, ஆராய்ந்து, தீர்மானம் இயற்றுகிறது.
2. கோட்ட அளவிலான குழு: இதில் ஊராட்சி ஒன்றிய உறுப்பினர்கள் மூவர் இடம்பெறுவர்.
3. மாவட்டக் குழு: ஆட்சியர் தலைமையிலான இக்குழுவில் மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள் மூவர் இடம்பெறுவர். இறுதி முடிவு இக்குழுவினுடையது.

இரு குழுக்களுக்கும் இவ்வுறுப்பினர்களை நியமிப்பது மாவட்ட ஊராட்சியாகும்.

வாக்கின் பங்கு

தமிழ்நாட்டின் ஊரக வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் உண்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகியோர் இவற்றால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வன உரிமைக் குழுக்களில் அலுவலர்களுடன் அமர்ந்து மலைமக்களின் சார்பில் பேசக்கூடியோர் பின்னிரு வாக்குகளால் தேர்வானவர்களே. ஊர்த் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் ஆர்வத்தை இவ்விரு வாக்குகளிலும் காட்டாவிடில் அவ்வாய்ப்பு வீணாகும்.

தேர்தல் நடைபெறாத காலம்

சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டங்கள் வழங்குவது தடைபட்டது. உச்ச நீதிமன்றம் 2016-இல் அத்தடையை நீக்கியது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது; அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடைபெறவில்லை. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிருவகித்தனர். சமுனாமரத்தூரை உள்ளடக்கிய திருவண்ணாமலை மாவட்டம் 2019 டிசம்பரில்தான் வாக்களித்தது. புதூர்நாட்டை உள்ளடக்கிய திருப்பத்தூர் மாவட்டம் 2021 அக்டோபர் வரை காத்திருந்தது. நீதிமன்றத் தடை நீங்கியும், குழுக்களில் அமரவேண்டிய மக்கள் பிரதிநிதிகள் பல ஆண்டுகள் இல்லாமற்போயினர்.

நியம்கிரி எடுத்துக்காட்டு

ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட்டு சுரங்கம் அமைக்கும் திட்டத்தைக் கிராம சபைகள் ஆராய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18 அன்று தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை நிராகரித்தன. 2014 சனவரியில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அத்திட்டத்துக்கு அனுமதி மறுத்தது.

வரம்புகள்

வாக்களிப்பது மட்டும் போதாது. 2012-ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி, வன உரிமைக்கான கிராம சபையில் உறுப்பினர்களுள் குறைந்தது பாதிப்பேர் கூட வேண்டும். வந்திருப்போருள் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருத்தல் வேண்டும். இக்குறைவெண் வரம்பு எட்டப்படாவிடில் சபை முடிவெடுக்க இயலாது. ஆகையால் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்குச் செல்வதும், சபை கூடும் நாளில் அதில் அமர்வதும் காடு பாதுகாப்பில் ஒன்றையொன்று சார்ந்த கடமைகளாகும்.